பாறை மேல் டவர், ஸ்டூல் மேல் போன்: பள்ளி வகுப்பை ஆன்லைனில் எடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

நான் ஏற்காடு மலையில் ஓர் அரசு உயர்நிலைப்பள்ளியில் கணக்கு டீச்சர். வீடு கீழே சேலம் கன்னங்குறிச்சியில். தினமும் காலையில் பஸ் ஏறி இருபது கொண்டை ஊசி வளைவு தாண்டிப் போய், சாயங்காலம் இறங்கி வருவேன். 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளியை மூடியபோது இரண்டு வாரத்தில் திறந்துவிடுவார்கள் என்று நினைத்து, பத்தாம் வகுப்பு விடைத்தாள்களைத் திருத்தாமலே பீரோவில் பூட்டிவிட்டு வந்தேன். அந்தப் பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வே நடக்கவில்லை, ஜூனில் ரத்து என்று அறிவித்துவிட்டார்கள். அவர்களுக்கு அடுத்த செட்டை 2021 ஜனவரி 19-ஆம் தேதி பள்ளி திறக்கும் வரை போனிலேயே நடத்தினேன், அப்புறம் மறுபடி மூடி, செப்டம்பர் 1-ஆம் தேதி வரை மறுபடி போன்.

இதை இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், தேவை முடிந்துவிடவில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் ஆங்காங்கே மண் சரிந்து போக்குவரத்து நின்றபோது பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். எந்த மழைக்காலத்திலும் இது நடக்கலாம். புதிதாக வேலைக்கு வந்திருக்கிற ஆசிரியர்கள் பலர் ஒரு நாள் கூட ஆன்லைனில் பாடம் எடுத்ததில்லை, அவர்களுக்காகத்தான் இது. நான் சொல்வதெல்லாம் ஒன்பது, பத்தாம் வகுப்புக் கணக்கை வைத்துத்தான், ஆனால் வேறு பாடத்துக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

என் முதல் ஆன்லைன் வகுப்பைச் சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு சின்ன கரும்பலகை வாங்கி வந்து, ஜன்னலோரம் சாய்த்து, போனை நாற்காலியில் நிறுத்தி, நாற்பது நிமிடம் நின்றுகொண்டே நடத்தினேன். 36 பேரில் ஒன்பது பேர் வந்தார்கள். முடிவில் "புரிஞ்சுதா?" என்று கேட்டேன், சத்தமே இல்லை. கடைசியில் ஒரு பையன் மெதுவாக, "டீச்சர், போர்டு வெள்ளையாத்தான் தெரிஞ்சுதுங்க" என்றான். ஜன்னல் வெளிச்சம் பலகையில் பட்டுக் கூசியிருக்கிறது, நாற்பது நிமிடமும் அந்தப் பிள்ளைகள் ஒன்றும் தெரியாமல் மரியாதைக்காக உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. வகுப்பறையில் கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற மாதிரி பேச வேண்டும் என்று நமக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுக்கிறார்கள் இல்லையா, ஆன்லைனில் கடைசி பெஞ்ச் எங்கே இருக்கிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும், பாடத்தை அங்கிருந்து திட்டமிட வேண்டும். கீழே வருகிற ஒவ்வொரு படியும் அதிலிருந்து வந்ததுதான்.

முதல் படி: வீட்டுக்கு வீடு ஒரு போன் கால்

எந்த ஆப்பையும் இறக்குவதற்கு முன்னால் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம். ஒவ்வொரு வீட்டுக்கும் நீங்களே கூப்பிட்டுப் பேசுங்கள். கூகுள் ஃபார்ம் அனுப்பி நிரப்பச் சொன்னால், அதை நிரப்பத் தெரிந்த வீடுகளைப் பற்றி மட்டும்தான் தெரியவரும், நமக்குத் தெரிய வேண்டியது மற்ற வீடுகளைப் பற்றி.

"வீட்டில் ஸ்மார்ட்போன் இருக்கிறதா" என்று மட்டும் கேட்டால் போதாது. எனக்கு ஒரு அம்மா சொன்ன பதில்: "இருக்குதுங்க டீச்சர். அவங்கப்பா எடுத்துட்டுப் போயிருவாருங்க, ராத்திரி எட்டு மணிக்கு மேலதான் வருவாரு." அவர் காபி மூட்டை ஏற்றிக்கொண்டு கீழே போகிற லோடு வண்டி ஓட்டுகிறார், போன் அவரோடுதான் போகும். ஆக, போன் இருக்கிறது, பகலில் இல்லை. அதனால் இப்படிக் கேளுங்கள்: போன் யாருடையது, பகலில் எங்கே இருக்கும், எத்தனை மணிக்கு வீட்டுக்கு வரும், அதே போனை வேறு எத்தனை பிள்ளைகள் பார்க்க வேண்டும், வீட்டுக்குள் டவர் கிடைக்குமா, கிடைக்காவிட்டால் எங்கே போய் நிற்பீர்கள், ரீசார்ஜ் எந்தத் தேதியில் முடியும். கடைசிக் கேள்வியைக் கேட்கத் தயங்காதீர்கள், ஆனால் பட்டென்று கேட்காமல் பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள்.

என் வகுப்பில் கணக்கு இப்படி வந்தது: எந்நேரமும் போன் கிடைக்கிறவர்கள் 9 பேர், ராத்திரி மட்டும் அல்லது வெளியே நடந்துபோய் டவர் பிடித்தால் மட்டும் என்கிறவர்கள் 15, பட்டன் போன் மட்டும் உள்ளவர்கள் 8, எதுவுமே இல்லாதவர்கள் 4. முதல் வகுப்புக்கு வந்த ஒன்பது பேர் யார் என்பது இந்த நோட்டைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. மற்றவர்கள் அக்கறை இல்லாமல் வராமல் போகவில்லை.

இரண்டாம் படி: நேரத்தைப் போனிடம் கேட்டுக் குறிப்பது

பள்ளியின் கால அட்டவணையை அப்படியே ஆன்லைனில் போடுவதுதான் எல்லோரும் முதலில் செய்கிற தவறு. 2020 ஜூலையில் மத்திய அரசு ஆன்லைன் வகுப்புகளுக்கு வெளியிட்ட பிரக்யாதா வழிகாட்டுதல் கூட ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை நாளுக்கு இரண்டு அமர்வு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்கு அமர்வு, ஒவ்வொன்றும் 30 முதல் 45 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம் என்றுதான் சொன்னது. என்னைக் கேட்டால் கணக்குக்கு வாரத்தில் இரண்டு நேரலை வகுப்பு போதும், ஒவ்வொன்றும் முப்பது நிமிடம்.

நேரம் குறிக்கும்போது இதை மறக்காதீர்கள்: எங்கள் ஊர்ப் பக்கம் சில பிள்ளைகளுக்கு வீட்டில் டவர் கிடையாது, தோட்டத்துக்கு மேலே ஒரு பாறை இருக்கிறது, அங்கே ஏறினால்தான் வரும். ஒரு மாணவி குடையும் நோட்டும் எடுத்துக்கொண்டு அதில் போய் உட்காருவாள். மாலை ஆறரைக்கு வகுப்பு வைத்தால் அவள் இருட்டில் தனியாக இறங்கி வர வேண்டும், காட்டெருமை நடமாட்டம் உள்ள இடம். எந்தப் பாடமும் அதற்கு ஈடாகாது. அதனால் ஒரே பாடத்தை இரண்டு தடவை எடுத்தேன், பாறைப் பிள்ளைகளுக்குக் காலை ஒன்பதரை, அப்பாவின் போனுக்குக் காத்திருக்கிறவர்களுக்கு ராத்திரி எட்டேகால். இரண்டாவது தடவை எடுக்கும்போது முதல் தடவை எங்கே தடுமாறினார்கள் என்று தெரிந்திருக்கும், ராத்திரி வகுப்பு எப்போதுமே நன்றாக இருக்கும்.

அண்ணன் பத்தாவது, தங்கை எட்டாவது, போன் ஒன்று. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் வகுப்பு வைத்தால் யாரோ ஒருவர் விட்டுக்கொடுப்பார்கள், எங்கள் அனுபவத்தில் அது பெரும்பாலும் தங்கைதான். எல்லா ஆசிரியர்களும் உட்கார்ந்து ஒரே அட்டவணை போட்டால் இதைத் தவிர்த்துவிடலாம், அதற்கு ஒரு மணி நேரப் பேச்சு போதும்.

மூன்றாம் படி: பட்டன் போனிலிருந்து தொடங்குங்கள்

பட்டன் போன் வைத்திருந்த எட்டுப் பேருக்கு என்ன செய்வது என்று ரொம்ப யோசித்தேன். கடைசியில் கான்ஃபரன்ஸ் கால்தான் கைகொடுத்தது. என் போனில் ஒரே நேரத்தில் ஐந்து பேர் வரை சேர்க்க முடிகிறது, அதனால் நாலு நாலு பேராக இரண்டு செட். செலவு பிள்ளைகளுக்குக் கிடையாது, நாம்தான் கூப்பிடுகிறோம். 2020 ஜூலையில் இலவசப் பாடப்புத்தகம் கொடுத்துவிட்டதால் எல்லோர் கையிலும் புத்தகம் இருந்தது. "புத்தகத்தைத் திற கண்ணு, வலது பக்கம், மேலிருந்து மூணாவது வரி" என்று தொடங்கி இருபது நிமிடம்.

இதில் நான் கற்றுக்கொண்டதை விரிவாகச் சொல்ல வேண்டும். போர்டு இருக்கும்போது நாம் "இதை இந்தப் பக்கம் கொண்டு போனா இது என்ன ஆகும்?" என்று விரலைக் காட்டியே பேசிப் பழகிவிட்டோம். போனில் "இது" என்றால் எது? அதனால் "சமன்பாட்டில் ரெண்டு பக்கமும் 7-ஐக் கழிச்சா இடப்பக்கம் என்ன மிச்சம்?" என்று கேட்க வேண்டியிருக்கிறது. அப்படிச் சொல்லப் பழகிய பிறகுதான் தெரிந்தது, ஏழு எதனால் அந்தப் பக்கம் போகும்போது கழித்தலாக மாறுகிறது என்பது என் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு எப்போதுமே விளங்கியிருக்கவில்லை, பல வருஷமாக விரலைப் பார்த்து அப்படியே எழுதிக்கொண்டிருந்தார்கள் என்று. ஸ்மார்ட்போன் வகுப்பு எடுக்கிறவர்களும் முதல் வாரம் வெறும் குரலில் ஒரு பாடம் எடுத்துப் பாருங்கள். குரலில் விளக்க முடிந்துவிட்டால் வீடியோ உறைந்து நின்றாலும் வகுப்பு நிற்காது.

நான்காம் படி: ஸ்டூலும் வெள்ளைத் தாளும்

கரும்பலகையை விட்டுவிடுங்கள். போன் கேமராவில் கரும்பலகை சரியாக விழுவதில்லை, நாம் நின்றால் நம் முதுகுதான் தெரியும். பிள்ளைகளுக்கு நம் முகத்தைவிட நம் கை எழுதுகிறதைப் பார்ப்பதுதான் முக்கியம்.

மொபைல் ஸ்டாண்ட் வாங்க வேண்டியதில்லை. கல்யாண மண்டபத்திலும் டீக்கடையிலும் போடுகிற பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று போதும். அதன் நடுவில் தூக்குவதற்கு ஒரு ஓட்டை இருக்கும் பாருங்கள், போனைப் படுக்கவைத்து பின்பக்கக் கேமரா அந்த ஓட்டைக்கு நேராக வருகிற மாதிரி நகர்த்துங்கள். ஸ்டூலுக்கு அடியில் தரையில் ஒரு பரீட்சை அட்டை, அதில் கிளிப் போட்ட கோடு இல்லாத வெள்ளைத் தாள். நாம் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஸ்டூல் காலுக்கு இடையே கையை விட்டு எழுதுவோம். மேலே போன் திரையில் தாள் தெரியும், அதில் தெரிகிற எல்லையைப் பென்சிலால் தாளில் குறித்துக்கொள்ளுங்கள், அதற்கு வெளியே எழுதினால் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஓட்டையின் விளிம்பு மூலையில் தெரிந்தால் கொஞ்சம் ஜூம் செய்தால் போய்விடும்.

ஸ்டூல் நிழல் தாளில் விழும், அதுதான் இதில் உள்ள ஒரே தொல்லை. வாசற்படிக்குப் பக்கத்தில், வெளிச்சம் இடது பக்கமிருந்து வருகிற மாதிரி உட்கார்ந்தால் வலது கையால் எழுதுகிறவர்களுக்குக் கை நிழலும் மறைக்காது. ராத்திரி வகுப்புக்கு ஒரு டேபிள் லைட்டைத் தரையில் சாய்த்து வைப்பேன். பால்பாயிண்ட் பேனா வேண்டாம், ஸ்கெட்ச் பேனா அல்லது கறுப்பு ஜெல் பேனா, எழுத்து கட்டை விரல் நகம் அளவுக்காவது இருக்க வேண்டும். ஐந்தங்குலத் திரையில், அதுவும் கீறல் விழுந்த திரையில் பார்க்கிற பிள்ளையை நினைத்துக்கொண்டு எழுதுங்கள்.

பத்தாம் வகுப்பில் செய்முறை வடிவியலும் வரைபடமும் ஆளுக்கு 8 மதிப்பெண். தொடுகோடு வரைவதை எப்படி ஆன்லைனில் காட்டுவது என்று பல பேர் கேட்டிருக்கிறார்கள். உண்மையில் வகுப்பறையைவிட இங்கே நன்றாகக் காட்டலாம். போர்டில் மரக் காம்பஸை வைத்து வரையும்போது பிள்ளைகள் பார்ப்பது வேறு, அவர்கள் கையில் இருப்பது வேறு. ஸ்டூலுக்கு அடியில் அவர்களிடம் இருக்கிற அதே ஜியாமெட்ரி பாக்ஸ் காம்பஸை வைத்து, முனையை எங்கே ஊன்றுகிறோம், எவ்வளவு அகலம் திறக்கிறோம், பென்சில் ஆடாமல் திருகை எப்படி இறுக்குகிறோம் என்று நேருக்கு நேர் காட்ட முடிகிறது.

ஐந்தாம் படி: வரி எண் போட்ட குறிப்பு

நேரலை வகுப்புக்கு வர முடியாதவர்களும் அதே பாடத்தைப் படிக்க வேண்டும், அதற்கு வாட்ஸ்அப். நான் அனுப்புவது இரண்டே இரண்டு: ஒரு பக்கத்தின் போட்டோ, அதற்கு மூன்று நிமிட வாய்ஸ் மெசேஜ். நீள வீடியோ அனுப்புவதை ஒரு மாதத்தில் நிறுத்திவிட்டேன். வீடியோ இறங்குவதற்குள் அன்றைய நெட் தீர்ந்துவிடுகிறது, வாய்ஸ் மெசேஜோ பாறைக்கு ஏறாமலே கூடச் சில நேரம் வந்து சேர்ந்துவிடும், திரும்பத் திரும்பக் கேட்கவும் வசதி.

அந்த ஒரு பக்கத்தில் ஒரே ஒரு கணக்கு. ஒவ்வொரு வரிக்கும் இடது ஓரத்தில் 1, 2, 3 என்று எண். இந்தச் சின்ன விஷயம் எனக்கு அவ்வளவு உதவியது. முன்பெல்லாம் "டீச்சர் அந்தக் கணக்கு புரியலைங்க" என்று வரும், எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாது. எண் போட்ட பிறகு "டீச்சர் அஞ்சாவது வரி எப்படி வந்துச்சுங்க?" என்று வருகிறது. ஒரே வரியில் பத்துப் பேர் நின்றால் அங்கே நான் ஒரு படியைத் தாண்டிப் போயிருக்கிறேன் என்று அர்த்தம், மறுநாள் அந்த வரிக்கு மட்டும் ஒரு வாய்ஸ் மெசேஜ். போட்டோவைச் சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும், எழுத்து மங்கினால் டாக்குமென்டாக அனுப்புங்கள்.

பாடப்புத்தகத்தில் இருக்கிற கியூஆர் கோடை திக்‌ஷா ஆப்பில் காட்டினால் அந்தப் பாடத்துக்கான வீடியோ வரும், கல்வித் தொலைக்காட்சியிலும் பாடம் ஓடும். இரண்டையும் பயன்படுத்துங்கள், ஆனால் "அதைப் பாருங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடாதீர்கள். பார்ப்பதற்கு முன்னால் ஒரு கேள்வியைக் கொடுத்து, அதற்குப் பதிலைத் தேடிக்கொண்டு பார்க்கச் சொல்லுங்கள்.

குரூப் பற்றி: அட்மின் மட்டும் அனுப்புகிற மாதிரி ஒரு குரூப் வையுங்கள், அதில் பாடம் மட்டும். காலை வணக்கம், பூ, தீபாவளி வாழ்த்து எதுவும் அதில் வரக் கூடாது, நூறு படத்துக்கு நடுவில் பாடம் காணாமல் போய்விடும். ஒவ்வொரு குறிப்பின் மேலும் தேதி, பாடப் பெயர், கணக்கு எண் எழுதிவிட்டு அனுப்புங்கள், ஒரு வாரம் கழித்து ரீசார்ஜ் போட்டுவிட்டு வருகிற பிள்ளையும் வரிசையைப் பிடித்துக்கொள்ள முடியும். சந்தேகம் கேட்க அதை வைக்காமல் எனக்குத் தனியாக அனுப்பச் சொல்லிவிட்டேன், எல்லோர் முன்னாலும் கேட்கக் கூச்சப்படுகிற பிள்ளைகள் தனியாகக் கேட்டார்கள்.

ஆறாம் படி: நேரலை வகுப்பின் முப்பது நிமிடம்

ஜூமில் இலவசக் கணக்கு என்றால் நாற்பது நிமிடத்தில் நின்றுவிடும், கூகுள் மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு மணி நேரம். முப்பது நிமிட வகுப்புக்கு எது கிடைத்தாலும் போதும். இடையில் ஆப்பை மாற்றாதீர்கள், ஒவ்வொரு மாற்றத்திலும் இரண்டு மூன்று பிள்ளைகள் வெளியே நின்றுவிடுவார்கள். உள்ளே வருகிறவர்கள் வரிசை எண்ணோடு பெயர் வைக்க வேண்டும், அப்பா பெயரில், கடை பெயரில் வந்தால் யாரென்று தெரியாது.

முதல் ஐந்து நிமிடத்தில் பாடம் தொடங்காதீர்கள். டவர் பிடித்து வந்து சேர அவ்வளவு நேரம் ஆகும். அந்த ஐந்து நிமிடம் பேச்சு: மழை பெய்ததா, தோட்டத்தில் பழம் பறிக்கத் தொடங்கிவிட்டார்களா, யார் வீட்டு ஆடு குட்டி போட்டிருக்கிறது. மாதக்கணக்கில் சக பிள்ளைகளின் குரலைக் கேட்காமல் இருக்கிறார்கள், அவர்களுக்கு அது சாப்பாடு மாதிரி. அப்புறம் பத்து நிமிடம் ஒரே ஒரு கருத்து. மிச்சம் பதினைந்து நிமிடமும் அவர்கள் வேலை.

கேள்வி கேட்கிற முறையைத்தான் முழுக்க மாற்ற வேண்டும். "புரிஞ்சுதா?" என்ற கேள்வியை நான் விட்டுவிட்டேன், அதற்கு ஆன்லைனில் பதிலே கிடைக்காது. "யாராவது சொல்லுங்க" என்றால் அதே இரண்டு பேர்தான் சொல்வார்கள். சேலத்தில் தறி ஓடுகிற தெருவில் இருக்கிற பள்ளியில் வேலை பார்க்கும் என் தோழியின் பிள்ளைகள் மைக்கைத் திறந்தாலே தறிச் சத்தம்தான் கேட்கும், அதனால் அவள் எல்லாப் பதிலையும் டைப் செய்ய வைத்தாள். அவளிடம்தான் இதைக் கற்றேன்: எல்லோரும் பதிலை டைப் செய்துவிட்டு அனுப்பாமல் வைத்திருக்க வேண்டும், நான் "அனுப்பு" என்றதும் ஒரே நேரத்தில் அனுப்ப வேண்டும். யாரும் யாரையும் பார்த்து எழுத முடியாது.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். கூட்டுத்தொடர் வரிசை, 3, 7, 11, 15 என்று போகிறது, இருபதாவது உறுப்பு என்ன என்று கேட்டேன். இரண்டு நிமிடம் பேசாமல் இருந்தேன் (இந்த அமைதி முதலில் தாங்கவே முடியாது, பழகிக்கொள்ள வேண்டும்). "அனுப்பு" என்றதும் பதில்கள் கொட்டின. ஏழு பேர் 79, பதினோரு பேர் 83. 83 அனுப்பியவர்கள், இருபதாவது உறுப்பு என்பதால் நாலை இருபது தடவை கூட்டிவிட்டார்கள். வகுப்பறையாக இருந்தால் முன்பெஞ்சில் இருந்து 79 என்று குரல் வந்திருக்கும், நானும் சரி என்று போர்டில் எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போயிருப்பேன், பதினோரு பேரும் அழித்துவிட்டு 79 என்று எழுதிக்கொண்டிருப்பார்கள்.

எது சரி என்று சொல்லவில்லை. "நம்ம ரோட்டுல எத்தனை வளைவு?" என்றேன். "இருபதுங்க." "முதல் வளைவுல பஸ் நிக்குது. இருபதாவது வளைவுக்குப் போகணும். இடையில எத்தனை துண்டு ரோடு?" கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் பாறையில் உட்கார்ந்திருந்த அந்த மாணவி, காற்றுச் சத்தத்துக்கு நடுவே, "பத்தொம்பதுங்க டீச்சர்... அப்போ நாலையும் பத்தொம்பது தடவைதானுங்களே கூட்டணும்!" என்றாள். அவள் 83 அனுப்பியவள். அதற்கப்புறம் அந்த வகுப்பில் ஒருவரும் உறுப்பு கண்டுபிடிக்கிற சூத்திரத்தில் ஒன்றைக் கழிக்க மறந்ததில்லை.

தொடர்பு அறுந்தால் என்ன செய்வது என்பதையும் முதலிலேயே சொல்லி வையுங்கள். எங்கள் ஏற்பாடு: டீச்சர் குரல் நின்றுபோய் ஐந்து நிமிடத்தில் வரவில்லை என்றால், அன்றைக்கு அனுப்பிய குறிப்பின் அடுத்த கணக்கை நோட்டில் போட வேண்டும். திரும்பத் திரும்ப உள்ளே வர முயற்சி செய்து டேட்டாவைத் தீர்க்கக் கூடாது.

ஏழாம் படி: நோட்டுத் திருத்துவது

எல்லாப் பிள்ளைகளும் எல்லாக் கணக்கையும் போட்டோ எடுத்து அனுப்பினால் இரண்டே நாளில் நீங்கள் சோர்ந்துபோவீர்கள், போனும் நிரம்பிவிடும். நாளுக்கு ஐந்து வரிசை எண், ஆளுக்கு ஒரே கணக்கு. போட்டோ வாசலில் வைத்து, மேலிருந்து நேராக எடுக்க வேண்டும், எடுப்பதற்கு முன் லென்ஸைத் துடைக்க வேண்டும், இதை ஒரு தடவை வகுப்பிலேயே பழக்கிவிடுங்கள். வரைபடத் தாளின் சின்னக் கட்டம் மங்கலான போட்டோவில் தெரியவே தெரியாது.

திருத்தம் அனுப்பும்போது சிவப்புக் கோடு மட்டும் போட்டு அனுப்பாமல், இருபது விநாடி குரலில் சொல்லுங்கள். முதலில் பிள்ளையின் பெயர், அப்புறம் சரியாகச் செய்த ஒரு இடம், அப்புறம் எந்த வரியில் பிசகியது. ஒரு பையன் நான் அனுப்பிய குரலை வீட்டில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினானாம், அவன் பாட்டி என்னிடம் சொன்னார். அதிலிருந்து நான் குரலில் எதைச் சொன்னாலும் அது ஒரு குடும்பமே கேட்கும் என்று நினைத்துத்தான் பேசுகிறேன்.

தேர்வுக்கு மூன்று நிமிட போன் கால். ஒரு கணக்கைக் கொடுத்து, "எப்படிப் போட்டே, எனக்குச் சொல்லு" என்று கேட்டால் எழுத்துத் தேர்வில் தெரியாதது கூடத் தெரிந்துவிடும். ஆன்லைனில் காப்பி அடிக்கிறார்களே என்று கவலைப்படுகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

எட்டாம் படி: போனே இல்லாத நாலு பேர்

இவர்களுக்குத் தாள்தான். வாரக் குறிப்புகளை ஜெராக்ஸ் எடுத்து, ஒரு உறையில் பெயர் எழுதி, பிள்ளை வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற மளிகைக் கடையில் கொடுத்து வைப்பேன், போன வார உறை விடையோடு அங்கே காத்திருக்கும். அப்போது சத்துணவுக்குப் பதிலாக அரிசி, பருப்பு கொடுத்த நாளில் பெற்றோர் பள்ளிக்கு வந்தார்கள், அப்படி ஒரு நாள் இருந்தால் விடாதீர்கள், நோட்டு வாங்க, திருப்பிக் கொடுக்க, பத்து நிமிடம் பேச அதுதான் வாய்ப்பு. பஸ் ஓடத் தொடங்கிய பிறகு வாரத்தில் ஒரு நாள் ஊருக்கே போய், கோயில் திண்ணையில் இடைவெளி விட்டு உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன்.

ஒருவனை மட்டும் தோட்ட வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். கார்த்திகையில் காபிப் பழம் பறிக்க ஆள் வேண்டும், பள்ளியும் இல்லை, வீட்டில் பணமும் இல்லை. அவனுடைய உறை மூன்று வாரம் கடையிலேயே கிடந்ததைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. நேரில் போய் அவன் அம்மாவிடம் பேசினேன், திட்டவில்லை, வேலை முடிந்து வந்ததும் அரை மணி நேரம் என்று கேட்டுக்கொண்டேன். ஜனவரியில் பள்ளி திறந்தபோது இரண்டு நாள் தாமதமாக வந்தான், ஆனால் வந்தான். உறை எடுக்கப்படாமல் கிடந்தால் அதை ஒரு செய்தியாக எடுத்துக்கொள்ளுங்கள், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

ஒன்பதாம் படி: பிள்ளைகளின் பாதுகாப்பும் மானமும்

வீடியோவைப் போடச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். ஒரே அறையுள்ள லைன் வீட்டில் பின்னால் அம்மா சமைப்பாள், தாத்தா படுத்திருப்பார், சுவர் பெயர்ந்திருக்கும். சக பிள்ளைகள் அதைப் பார்ப்பார்களே என்ற கூச்சத்தில் வகுப்புக்கே வராமல் போனவர்கள் உண்டு. குரல் போதும், டைப் செய்த பதில் போதும்.

சாதாரண வாட்ஸ்அப் குரூப்பில் எல்லோர் நம்பரும் எல்லோருக்கும் தெரியும். பெண்பிள்ளைகளின் வீட்டு நம்பர் அப்படி வெளியே போகக் கூடாது. கம்யூனிட்டி அறிவிப்பு வசதியில் ஒருவர் நம்பர் மற்றவருக்குத் தெரியாது, அல்லது பிராட்காஸ்ட் பட்டியல் போடலாம், ஆனால் அதில் உங்கள் நம்பரைச் சேமித்து வைத்திருக்கிறவர்களுக்கு மட்டும்தான் செய்தி போகும். பிள்ளையோடு தனியாக வீடியோ கால் வேண்டாம். பெற்றோர் நம்பருக்குக் கூப்பிட்டு, அவரோடு ஒரு வார்த்தை பேசிவிட்டு, அப்புறம் பிள்ளையிடம் கொடுக்கச் சொல்லுங்கள். ராத்திரி ஒன்பதுக்கு மேல் கால் கிடையாது. ஒரு மாணவிக்கு வகுப்பு குரூப்பில் இருந்து நம்பரை எடுத்து யாரோ தொல்லை கொடுத்தபோது அவள் என்னிடம்தான் முதலில் சொன்னாள், வகுப்பின் முதல் நாளே குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐயும் கல்வித் துறையின் உதவி எண்ணான 14417-ஐயும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுத வைத்திருந்ததால் யாரிடம் சொல்வது என்ற குழப்பம் அவளுக்கு இல்லை.

நம் தொண்டையும் கண்ணும்

மைக் இருக்கிற இயர்போனைப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஒருவரிடம் பேசுகிற குரலில் பேசுங்கள். வகுப்பறைப் பழக்கத்தில் கத்தி, முதல் மாதத்தில் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. சந்தேகங்களைப் பார்க்கும் நேரத்தைப் பிள்ளைகள் வீட்டில் சொல்லி வைத்துவிடுங்கள், எனக்கு மாலை நாலு முதல் ஐந்து. அந்த ஒரு மணி நேரம் போக மற்ற நேரத்தில் வருகிற சந்தேகத்துக்கு மறுநாள் பதில். பிள்ளைகள் இதை எளிதாக ஏற்றுக்கொண்டார்கள்.

மழைக்கு முன்னால்

ஒவ்வொரு வருஷமும் ஜூனில் புது நோட்டைத் தொடங்குகிறேன், அதே கேள்விகள்தான். ஐப்பசி பிறப்பதற்குள் மூன்று பாடத்துக்கு வரி எண் போட்ட குறிப்பு தயாராக இருக்கும், நாலு உறைகள் பீரோவில் இருக்கும், ஒரு நாள் சும்மாவே கான்ஃபரன்ஸ் கால் போட்டுப் பார்ப்போம். இந்த நோட்டில் ஒரு பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறது: "பாறையில் டவர் போய்விட்டது. இப்போது தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கிடைக்கிறது. வீட்டிலிருந்து ஐந்து நிமிடம், தெரு விளக்கு உண்டு." இதைச் சொன்னவள் பாறையில் உட்கார்ந்து படித்த அந்த மாணவியின் உறவுக்காரப் பெண், இப்போது ஒன்பதாவது படிக்கிறாள். அவளுக்கு ராத்திரி எட்டேகால் வகுப்பு வைக்கலாம்.